‘பூக்களை இறைத்து வாழ்த்தினார்கள்’ என்று எழுதினால் தப்பா?

கேள்வி இதுதான்: ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண் கட்டுரை நோட்டில் ‘மணமக்கள் மீது பூக்களை இறைத்து வாழ்த்தினார்கள்’ என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் சிவப்பு மையால் ‘இறைத்து’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘தூவி’ என்று போட்டிருக்கிறார். அகராதியில் பார்த்தால் இறைத்தல் என்பதற்குச் சிதறச் செய்தல் என்று தெளிவாகப் பொருள் இருக்கிறதே, அப்புறம் ஏன் தப்பு, கிணற்றில் தண்ணீர் இறைப்பதும் இதே சொல்தானா, அன்றாடம் இதை எங்கெல்லாம் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இலக்கணத்தில் தப்பே இல்லை. ஆனால் ஆசிரியர் அடித்தது சரி, நானாக இருந்தாலும் அடித்திருப்பேன். தமிழில் பொருளைப் பல இடத்தில் விழும்படி போடுவதற்கு ஏகப்பட்ட வினைகள் உண்டு. தூவு, தெளி, சிந்து, சிதறு, இறை, விசிறு, சொரி என்று போய்க்கொண்டே இருக்கும். இவற்றை அகராதி ஒன்றுக்கொன்று பொருளாகக் கொடுத்துவிடும், அங்கேதான் குழப்பம். பேசுகிறவர்கள் யாரும் இவற்றை மாற்றி மாற்றிப் போடுவதில்லை. தூவுவது விரல் நுனி வேலை. கொஞ்சமாக எடுத்து, எங்கே விழ வேண்டுமோ அங்கே கண்ணை வைத்து, பரவலாக விழும்படி போடுவது. இறைப்பது கை முழுக்க, சில சமயம் தோள்பட்டை வரை சேர்ந்து செய்கிற வேலை. அள்ளி வீச வேண்டும், அந்தப் பக்கம் போய் விழுந்தால் போதும், எது எங்கே விழுந்தது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். மணமக்கள் தலையில் யாராவது பூவை இறைத்தால் பூ கண்ணில் குத்தும்.

அதோடு இன்னொன்றும் இருக்கிறது, பெண்ணிடம் இப்போதே சொல்ல வேண்டியதில்லை. சாவு ஊர்வலம் போகும்போது வழிநெடுகப் பொரியும் பூவும் சில இடங்களில் சில்லறையும் போட்டுக்கொண்டே போவார்கள், பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெரும்பாலும் ‘பொரி இறைக்கிறது’, ‘பூ எறைச்சுக்கிட்டே போறாங்க’ என்றுதான் சொல்வார்கள். ஆகவே கல்யாணப் பந்தலில் ‘பூ இறைத்து’ என்று வந்தால் வயதானவர்களுக்குக் காது கொஞ்சம் கூசும். எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சத்தியம் செய்யவில்லை, ஆனால் அந்த வாடை சொல்லில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் ‘தூவி’ என்பதும் பேச்சு வழக்கில் அவ்வளவாகக் கிடையாது. பந்தலில் உட்கார்ந்திருக்கும் யாரும் பக்கத்தில் இருப்பவரிடம் ‘அட்சதை தூவுங்க’ என்று சொல்ல மாட்டார்கள். ‘அட்சதை போடுங்க மாமா, கெட்டிமேளம் ஆயிடுச்சு’ என்றுதான் சொல்வார்கள். பூவும் போடுவதுதான், உப்பும் போடுவதுதான். தூவுவது எழுத்தில் வாழ்கிற சொல்: ‘மலர் தூவி மரியாதை செலுத்தினார்’ என்று செய்தித்தாளில் வரும், ‘கொத்தமல்லித் தழை தூவி இறக்கவும்’ என்று சமையல் குறிப்பில் வரும். பேச்சில் அது மிச்சமிருக்கிற முக்கியமான இடம் தூவானம். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று யாரும் யோசிக்காமலே சொல்கிறோம்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம், இதுதான் உங்கள் கேள்வியில் சுவாரசியமான பகுதி. ஆமாம், இரண்டும் ஒரே சொல்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் நீரை வாரித் தெறிக்கச் செய்வது, நீரை எடுத்து ஊற்றிப் பாய்ச்சுவது, சிதறடிப்பது, கண்டபடி செலவு செய்வது எல்லாமே ‘இறைத்தல்’ என்ற ஒரே தலைச்சொல்லின் கீழ்தான் வருகின்றன. கிணற்றிலிருந்து நீரை எடுப்பதற்கும் வீட்டுக்குள் சாமானைக் கண்டபடி போடுவதற்கும் என்ன உறவு என்று நகரத்தில் வளர்ந்தவர்களுக்குத் தோன்றும். குழாயைத் திறந்து நீர் பிடித்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியாது.

கோடையில் குட்டை இறைத்து மீன் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த உறவைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. வாய்க்காலிலோ குட்டையிலோ தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும், சேற்றை வெட்டி எடுத்து ஒரு மூலையை மட்டும் வரப்பு மாதிரி அணை கட்டிப் பிரிப்பார்கள். அப்புறம் ஆளுக்கொரு தட்டு, குண்டான், அன்னக்கூடை, கையில் கிடைத்தது எதுவானாலும் சரி, குனிந்து நின்று அந்த மூலைத் தண்ணீரை அணைக்கு வெளியே வாரி வாரி வீசுவார்கள். இரண்டு கைக்கும் நடுவே பாத்திரம், தாழ்வாகக் கோரி, இடுப்பைத் திருப்பி ஒரே வீச்சு. நீர் விசிறி மாதிரி விரிந்து அந்தப் பக்கம் விழும், பாதி பக்கத்தில் நிற்பவன் மேல் விழும். கடைசியில் சேறும் கெண்டையும் கெளுத்தியும், அதிர்ஷ்டம் இருந்தால் விராலும் மிஞ்சும். இந்த வேலைக்குப் பெயர் ‘குட்டை இறைப்பது’. இங்கே நீரை வெளியேற்றுவது, சிதறும்படி வீசுவது என்று இரண்டு செயல் இல்லை, ஒரே கையசைவுதான். படகுக்குள் புகுந்த நீரை வெளியே கோரி ஊற்றுவதையும் இறைப்பது என்றுதான் சொல்கிறோம்.

வயலில் இதையே ஒழுங்குபடுத்திச் செய்ததுதான் இறைகூடை. வாய்க்கால் தாழ்வாகவும் வயல் கொஞ்சம் மேடாகவும் இருந்தால், கூடையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, எதிரெதிரே இருவர் நின்றுகொண்டு, கூடையை ஊஞ்சல் மாதிரி வீசி நீரைக் கோரி மேட்டில் கொட்டுவார்கள். வீச்சு இருவருக்கும் ஒத்துவர வேண்டும், ஒருவன் தளர்ந்தால் நீர் முழுக்கத் திரும்ப வாய்க்காலுக்கே போகும். இன்னும் ஆழத்தில் நீர் இருந்தால் ஏற்றம். நட்டு வைத்த தூணின் மேல் நீளமான மரம், அதன் ஒரு முனையில் கழியோடு சால் என்கிற பெரிய வாளி, மரத்தின் மேலே ஒரு ஆள் முன்னும் பின்னும் நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கி ஏறும், கீழே நிற்பவர் அதைப் பிடித்துச் சாய்ப்பார். எத்தனை சால் ஆயிற்று என்ற கணக்கையும் பாட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். ‘மூங்கில் இலை மேலே தூங்கும் பனிநீரே’ என்று ஏற்றக்காரர் ஒருவர் பாடிவிட்டு அதோடு வீட்டுக்குப் போய்விட, அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கம்பர் இரவெல்லாம் தவித்தார், மறுநாள் வந்து ‘தூங்கும் பனிநீரை வாங்கும் கதிரோனே’ என்று கேட்டு மெய்மறந்தார் என்று ஒரு கதை இருக்கிறதே, அது இந்த நீர் இறைக்கிற பாட்டைப் பற்றியதுதான். கதை நடந்ததோ இல்லையோ, பாட்டு நல்ல பாட்டு.

மாடு கட்டி இறைப்பது கமலை, கொங்குப் பக்கம் கவலை. சரிவான பாதையில் மாடுகள் கீழ்நோக்கிப் போகும்போது வடம் இழுபட்டுத் தோல் வால் வைத்த சால் மேலே வரும், மேலே வந்ததும் வால் பகுதி வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும், மாடுகள் பின்னோக்கி நடந்து ஏறி வரும். 1930களில் நீலகிரியிலுள்ள பைக்காராவின் நீர்மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்து பம்புசெட் பரவ ஆரம்பித்த பிறகு கவலை மெல்ல மெல்ல ஓய்ந்தது. கவலையோடு சேர்ந்து ‘இறைக்கிறது’ என்ற சொல்லும் வயலை விட்டுப் போய்விட்டது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். இப்போது மோட்டார் ‘போடுகிறோம்’, தண்ணீர் ‘பாய்ச்சுகிறோம்’ அல்லது ‘கட்டுகிறோம்’. ‘ரெண்டு மணி நேரம் மோட்டார் ஓடிச்சு’ என்போமே தவிர ‘இறைச்சோம்’ என்பது குறைந்துவிட்டது. கை வீசாத இடத்தில் அந்தச் சொல் நிற்க மறுக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஆனாலும் இரண்டு இடத்தில் அது கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. ஒன்று வேளாண்மைத் துறைக்காரர்களின் பேச்சும் எழுத்தும். எந்தப் பயிருக்கான குறிப்பை எடுத்தாலும் ‘மானாவாரி’ என்று ஒரு பக்கம், ‘இறவை’ என்று ஒரு பக்கம் இருக்கும். மழையை மட்டும் நம்புவது மானாவாரி, கிணற்றிலிருந்தோ வேறு எங்கிருந்தோ நீரை எடுத்துப் பாய்ச்சிச் செய்வது இறவை. விதை அளவு முதல் உரம் வரை இரண்டுக்கும் வேறு வேறாகப் போட்டிருப்பார்கள். அந்த இறவை நம்முடைய இறையிலிருந்து வந்ததுதான். இன்னொன்று யாழ்ப்பாணம். அங்கே வற்றாத ஆறு கிடையாது, சுண்ணாம்புப் பாறைக்குள் நிற்கிற கிணற்று நீர்தான் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும். முன்பு துலாவில், அதாவது அவர்களுடைய ஏற்ற மரத்தில், ஒருவர் ஏறி மிதிக்க, பனையோலையில் பின்னிய பட்டையில் மற்றவர் நீரை வாங்கி ஊற்றுவார். இன்றைக்குத் துலா போய் இயந்திரம் வந்துவிட்டது, ஆனாலும் ‘தோட்டத்துக்கு இறைக்க வேணும்’, ‘இண்டைக்கு இறைப்பு’ என்று சொல் அப்படியே நிற்கிறது. மேலே நான் சொன்ன கை வீச்சுத் தத்துவம் யாழ்ப்பாணத்தில் செல்லாது, அவர்கள் இயந்திரத்தாலும் இறைக்கிறார்கள்.

வீட்டுக் கிணற்றில் கயிறும் வாளியும் போட்டு எடுப்பதற்கு ஊருக்கு ஊர் வேறு சொல். சில ஊரில் இறைப்பார்கள், சில ஊரில் சேந்துவார்கள், யாழ்ப்பாணத்தில் அள்ளுவார்கள். குடத்தால் முங்கி எடுத்தால் மொள்ளுவது, அல்லது மொண்டுகொள்வது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டியிடம் போய் ‘கிணத்துல தண்ணி எறைச்சுக் குடுக்கட்டுமா’ என்றால் ‘சேந்திக் குடு’ என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

கிணற்றைச் சுற்றித்தான் இந்தச் சொல்லின் நல்ல பக்கம் முழுவதும் இருக்கிறது. இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்பது பழமொழி. எடுக்க எடுக்கக் குறையாமல் வருவதைச் சொல்ல வேறு எந்த வினையும் இந்த அளவுக்கு வாகாக இல்லை. வள்ளுவர் அதைக் காதலில் கொண்டுபோய் வைத்தார், 1161ஆவது குறள்: ‘மறைப்பேன்மன் யானிஃதோ நோயை இறைப்பவர்க்கு ஊற்றுநீர் போல மிகும்’. பிரிவில் இருக்கிற பெண் சொல்கிறாள், இந்த நோயை வெளியே தெரியாமல் மறைக்கத்தான் பார்க்கிறேன், அது இறைக்க இறைக்க ஊறுகிற நீர் மாதிரி மேலே மேலே வருகிறது என்று. கிணறு தூர் எடுக்கும்போது அடியில் நின்று நீரை வெளியேற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தக் குறளுக்கு உரை தேவைப்படாது. ஒரு பக்கம் இறைத்துக்கொண்டே இருப்பார்கள், இன்னொரு பக்கம் ஊற்றுக்கண்ணிலிருந்து கொப்புளித்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம் இரண்டு பிரபலமான வரிகள். மூதுரையில் ‘நெல்லுக்கு இறைத்த நீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம்’ என்று வரும். நல்லவன் ஒருவனுக்காகப் பெய்கிற மழை எல்லாருக்கும் கிடைக்கிறது என்பதற்குச் சொன்னது. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ‘விழலுக்கு இறைத்த நீர்’. விழல் என்பதும் ஒருவகைப் புல்தான், கூரை வேயலாம், வயிற்றுக்கு ஆகாது. முதல் வரியில் நீர் நெல்லுக்குப் போகிறது, போகிற வழியில் புல்லும் குடிக்கிறது, அது புண்ணியம். இரண்டாவதில் நெல்லே கிடையாது, மொத்த நீரும் புல்லுக்கே. அதே இறைப்பு, அதே நீர், அதே முதுகுவலி. போய்ச் சேருகிற இடம் மட்டும் வேறு.

இறைத்தல் என்ற சொல்லின் நல்லது கெட்டது எல்லாமே இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். போய்ச் சேர ஓர் இடம் இருந்தால் அது உழைப்பு, இல்லையென்றால் ஊதாரித்தனம். பணத்துக்கு இந்தச் சொல்லைப் போடும்போது கவனித்துப் பாருங்கள். கோவில் கட்டக் கொடுத்தால், பிள்ளைகள் படிக்கக் கொடுத்தால், ‘வாரி வழங்கினார்’ என்போம். அதே ஆள் தம்பி கல்யாணத்தில் அதே தொகையைச் செலவு செய்தால் ‘காசை வாரி இறைச்சுட்டான்யா’ என்போம். வாரியது இரண்டிலும் ஒன்றுதான், வழங்கினால் மெச்சுகிறோம், இறைத்தால் முகம் சுளிக்கிறோம், அல்லது பொறாமைப்படுகிறோம். நன்றி சொல்லும் மேடையில் ‘இந்தப் பள்ளிக்காக ஐயா அவர்கள் பணத்தை வாரி இறைத்திருக்கிறார்கள்’ என்று யாராவது பேசினால், அவர் பாராட்டத்தான் நினைத்திருப்பார், கேட்டுக்கொண்டிருக்கும் ஐயாவின் மகனுக்கு மட்டும் சுருக்கென்று இருக்கும்.

தேர்தல் சமயத்தில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். வாக்குறுதிகளை வாரி இறைப்பார்கள், எதிராளி மேல் சேற்றை வாரி இறைப்பார்கள். இரண்டிலும் அளவில்லாமல், குறி பார்க்காமல் என்ற பொருள் வந்துவிடுகிறது. பாராட்டைக் கூட ‘வாரி இறைத்தார்’ என்று எழுதினால், கொஞ்சம் ஓவராகத்தான் போய்விட்டார் என்று எழுதியவர் கண்ணடிக்கிறார் என்று அர்த்தம். நிஜமான சேற்றுக்கும் இதே சொல்தான்: மழை பெய்த மறுநாள் ரோட்டோரமாக நடந்துபோகிறவர் மேல் பஸ் ஒன்று பள்ளத்து நீரை அப்படியே ‘வாரி இறைச்சுட்டு’ப் போகும், வெள்ளை வேட்டியாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குள் வந்தால் இந்தச் சொல்லை அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்பவர்கள் பிள்ளைகள். ‘சோத்த எறைக்காம சாப்பிடு’ என்பது அநேகமாக எல்லா வீட்டிலும் ஒலிக்கிற வாக்கியம். ‘சிந்தாம சாப்பிடு’ என்பதும் உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. வாய்க்குப் போகிற வழியில் கை தவறி விழுந்தால் சிந்துவது. தட்டைச் சுற்றிலும் நாலு பக்கமும் சோறு கிடந்தால் அது இறைத்தது, அதில் கொஞ்சம் விளையாட்டும் திமிரும் இருக்கிறது, அதனால்தான் அம்மா குரலில் சூடு கூடுகிறது. சிந்துவதற்குத் திட்டு குறைவு. அதே மாதிரி அலமாரியிலிருந்து துணியை எடுத்து ஒன்று நாற்காலியில், ஒன்று கட்டிலில், ஒன்று தரையில் என்று போட்டால் ‘எல்லாத்தையும் எறைச்சு வெச்சிருக்கான்’. புத்தகங்களைச் சுற்றி விரித்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தால் ‘கடை பரப்பியிருக்கான்’ என்று சொல்வார்கள், அதில் கேலி மட்டும்தான், கோபம் இல்லை. கோழிக்குத் தானியம் இறைப்போம், கோழியும் பதிலுக்குக் குப்பையைச் சீய்த்து வாசல் முழுக்க இறைத்துவிட்டுப் போகும்.

தானாக நடந்ததைச் சொல்ல ‘இறைதல்’ இருக்கிறது. ‘சாமான் எல்லாம் இறைந்து கிடக்கிறது.’ யார் செய்தது என்று சொல்ல வேண்டாம் என்றால் இது வசதி. பேச்சில் ‘எறைஞ்சு கெடக்கு’ என்று வரும். இதை எழுதும்போது ‘இறைஞ்சு’ என்று எழுதிவிடாதீர்கள், அது வேறு சொல், கெஞ்சுவது, வணங்குவது. ‘வீடெல்லாம் சாமான் இறைஞ்சிக் கிடக்கிறது’ என்றால் சட்டி பானை எல்லாம் கும்பிட்டு விழுந்து கிடப்பது மாதிரி ஆகிவிடும்.

சிதறுவது வேறு கதை. ஒன்றாக இருந்தது உடைந்து பல திசைக்குப் போவது சிதறுவது. அதற்கு ஒரு நடுப்புள்ளி வேண்டும். பிள்ளையாருக்கு உடைக்கிற சிதறுகாயைப் பாருங்கள், கல்லில் அடித்த இடத்திலிருந்து சுற்றிலும் சில்லு பறக்கும், பொறுக்கப் பிள்ளைகள் ஓடும். அதையே சூறைத்தேங்காய் என்றும் தெற்கே விடலை என்றும் சொல்வார்கள், ஆனால் எங்கும் அதை ‘இறைகாய்’ என்று சொன்னதில்லை. கூட்டம் சிதறி ஓடும், குண்டு வெடித்துச் சிதறும், கவனம் சிதறும். கவனம் இறைந்தது என்று சொன்னால் யாருக்கும் புரியாது, ஏனென்றால் கவனம் ஒரே இடத்தில் குவிந்து இருந்த பொருள், அது உடைகிறது, அதை யாரும் அள்ளி வீசவில்லை.

அறிவியல் தமிழில் இதைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். ஒளிக்கற்றை காற்றிலுள்ள மூலக்கூறுகள் மீது பட்டுப் பல திசைக்குத் திரும்புவது ஒளிச்சிதறல். அலைநீளம் குறைந்த நீல ஒளி அதிகம் சிதறுவதால்தான் வானம் நீலமாகத் தெரிகிறது என்று பள்ளியில் படிக்கிறோம். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் கல்கத்தாவில் 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்ததும் ஒளிச்சிதறலின் ஒரு வகைதான். சிதறிய ஒளியில் ஒரு சிறு பங்கின் அலைநீளம் மாறிவிடுகிறது என்பதுதான் அதில் விசேஷம். 1930இல் அதற்கு நோபல் பரிசு. அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். இதை ‘ஒளி இறைப்பு’ என்று யாராவது மொழிபெயர்த்திருந்தால் பரிதாபமாக இருந்திருக்கும். முப்பட்டகத்தில் வெள்ளை ஒளி ஏழு நிறமாகப் பிரிவதை மட்டும் சிதறல் என்று சொல்லக் கூடாது, அது நிறப்பிரிகை. பிள்ளைகள் இந்த இரண்டையும் தேர்வில் குழப்பிக்கொள்வார்கள்.

தெளிப்பது பெரும்பாலும் நீருக்கும் விதைக்கும். காலையில் வாசல் தெளிக்கிறோம், நாற்று விடாமல் நேரடியாக நெல்லை வயலில் போட்டால் விதை தெளித்தோம் என்கிறோம், அதைக் கை வீசித்தான் செய்கிறார்கள் என்றாலும் இறைப்பது என்று சொல்வதில்லை, ஒவ்வொரு மணியும் முளைக்க வேண்டும் என்ற அக்கறை அங்கே இருக்கிறது. தெளிப்பு நீர்ப் பாசனம், மருந்து தெளிப்பான் என்பவை அச்சில் பார்க்கிற சொற்கள். வயலில் கேட்டால் ‘மருந்து அடிக்கிறோம்’ என்பார்கள். திருத்த முடியாது என்று கைவிட்ட பிள்ளையை ‘அவனத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு’ என்று சொல்வதும் இந்தத் தெளிதான்.

கடைசியாக எழுத்துப் பிழை, இதைச் சொல்லாமல் விட முடியாது. பல ஊர்ப் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகவே ஒலிப்பதால் ‘விழலுக்கு இரைத்த நீர்’ என்று அச்சிலேயே பார்க்கிறேன். இரை என்பது பறவை விலங்குகளின் தீனி. இரைத்தல் மூச்சு வாங்குவது, இரைச்சல் சத்தம். மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கும், கிணற்றில் தண்ணீர் இறைத்தாலும் மூச்சு இரைக்கத்தான் செய்யும், அந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைக்கு எழுதிக் காட்டினால் இரண்டும் மனதில் நின்றுவிடும். பெயர்ச்சொல்லாக வருகிற ‘இறை’ முற்றிலும் தனி. அது தலைவன், அரசன், கடவுள், பழைய கல்வெட்டுகளில் வரி. இறையிலி நிலம் என்றால் வரி இல்லாத நிலம், யாரும் நீர் இறைக்காத நிலம் இல்லை. கூரையின் விளிம்புக்கும் இறை என்று பழைய பெயர் உண்டு, கிராமத்தில் எறவாணம் என்று சொல்வது அதைத்தான். ‘எங்கும் இறைந்து கிடப்பதால் அவன் இறைவன்’ என்று சொற்பொழிவுகளில் அழகாகச் சொல்வார்கள், கைதட்டும் வாங்குவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நான் அதை நம்புவதில்லை. தங்குதல் என்ற பொருளில் ‘இறுத்தல்’ என்று ஒரு பழைய வினை உண்டு, எங்கும் தங்கியிருப்பவன் என்று அதோடு சேர்த்துச் சொல்கிற விளக்கம் இதைவிட எவ்வளவோ தேவலை. தவிரவும், நம் பேச்சில் இறைந்து கிடப்பது என்றால் யாராவது வந்து கூட்டி அள்ள வேண்டியது என்றுதானே பொருள்.